அன்பின் பேரால் கேட்ட சனிக்கிழமைகள்

நகரின் கிழக்கோரம், ரூஜில் நாங்கள் குடியிருக்கும் நிலவறை வீட்டுக்கு வாடகை குறைவு. எவ்வளவு என்று சொன்னால் கேட்பவரின் முகம் முதலில் நம்ப மறுக்கும், பிறகு கொஞ்சம் கறுக்கும், கடைசியில் புத்தி சொல்லும்: “நல்ல மனுசன் அம்பிட்டிருக்கிறார், விட்டிடாதேங்கோ.” நாங்கள் விடவில்லை. ஆறு குளிர்காலம் அந்த வீட்டுக்குக் கீழேயே கழிந்தது. ஜன்னல் என்று சொல்லக் கூரையோடு ஒட்டி நீளமான ஒரு கண் உண்டு. அதற்குள்ளால் புல் தெரியும், பிறகு சருகு தெரியும், பிறகு பனி வந்து அந்தக் கண்ணை மூடிவிடும். மண்மட்டத்துக்குக் கீழே கிடந்து பார்க்கிறவனுக்கு உலகம் பெரும்பாலும் சப்பாத்துகளால் ஆனது.

வீட்டுக்காரரை நாங்கள் அண்ணை என்றே கூப்பிடுவோம். அறுபதைத் தாண்டியவர். அவருக்கு மூன்று வீடுகள்: மார்க்கம் நகரில் அவர் இருக்கும் வீடு, மேலே ஒரு குடும்பமும் கீழே நாங்களுமாக ரூஜில் இந்த வீடு, விட்பியில் புதிதாக எழும்பிய தெருவொன்றில் இன்னொரு வீடு. எட்டுப் பேர் படுக்கும் அறைக்குள் ஒன்பதாவது ஆளாகப் பாய் விரித்து இந்த நாட்டு வாழ்க்கையைத் தொடங்கியவர். பகலில் தொழிற்சாலை, மாலையில் உணவகத்தில் கோப்பை கழுவல். அதை அவர் பெருமையாகவும் சொல்வதில்லை, அழுதும் சொல்வதில்லை. நேற்றுச் சாப்பிட்ட கறியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்.

வீடு பார்க்கப் போன அன்று முதல் மாதத்துக்கும் கடைசி மாதத்துக்குமான காசோலையை நீட்டினேன். அதுதான் இந்த ஊர் வழக்கம். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

“எங்கட ஆக்களுக்குள்ள என்ன உது? எடுத்து உள்ள வையும் தம்பி.”

“எழுத்தில ஏதாவது, அண்ணை…”

“உம்மட முகத்தைப் பாத்தாப்பிறகு எனக்கு என்னத்துக்கு எழுத்து? உமக்கு என்ர முகம் காணாதோ?”

காணும், போதும் என்றேன். காணாது என்று எந்த யாழ்ப்பாணத்தான் சொல்லுவான்? அதற்கு ஒரு தனி நாக்கு வேண்டும், அது எங்களுக்கு வாய்க்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் மிதந்துகொண்டு வந்தேன். என் மனைவி மட்டும் வெளியே பார்த்தபடி சொன்னாள்:

“காசும் வேணாம், கடதாசியும் வேணாம் என்டா, மறுகா என்னத்தைக் கேக்கப்போறாரு மனிசன்?”

அவள் மட்டக்களப்புக்காரி. அவளுடைய அப்பா ஒரு போடியாரிடம் முல்லைக்காரனாக இருந்தவர். போடியார் என்றால் அங்கே நூறு ஏக்கருக்குச் சொந்தக்காரர். முல்லைக்காரன் என்றால் அந்த வயலிலேயே வாடி கட்டிக் கிடந்து, விதைப்பிலிருந்து சூடடிப்பு வரை பார்த்துக்கொண்டு, கடைசியில் ஒரு பங்கு நெல்லோடு வீடு திரும்புகிறவர். சில விஷயங்களில் அவளுடைய மூக்கு என்னுடையதைவிடக் கூர்மை. அன்றைக்கு நான் அதைக் குறுகிய மனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணை கேட்டது சனிக்கிழமையை.

ஒரேயடியாகக் கேட்கவில்லை. முதல் பனி கொட்டிய சனிக்கிழமை தொலைபேசி அடித்தது. “தம்பி, விட்பி வீட்டு வாசல் ஒருக்கா வழிக்கவேணும், வாறீரோ? நான் வந்து ஏத்துறன்.” வந்தார். வான் வண்டிக்குள் வைத்துத் தேத்தண்ணியும் தந்தார். எனக்குப் பக்கத்தில் நின்று தானும் சவளால் பனியைத் தள்ளினார். மூச்சு வாங்க வாங்க நின்று கதை சொன்னார். எனக்கு அது வேலையாகத் தெரியவே இல்லை. அடுத்த சனி பின்வளவு வேலி. அதற்கடுத்த சனி அக்காவிடமிருந்து, அதாவது அண்ணையின் மனைவியிடமிருந்து, என் மனைவிக்கு அழைப்பு வந்தது: “பிள்ளை, இண்டைக்கு ஒரு கை குறையுது. ஒருக்கா வந்து நிண்டிட்டுப் போறீரே?”

அக்காவுக்குச் சோட் ஈற்ஸ் எனும் சிற்றுண்டி வியாபாரம். மார்க்கத்து வீட்டுக் கராஜில் கார் நிற்பதில்லை. நீளமான தகர மேசை, இரண்டு பெரிய அடுப்பு, மா பிசையும் இயந்திரம், சுவரோடு உறைபெட்டிகள். பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் அந்திரட்டி எதுவானாலும், கிழங்கு அடைத்துப் பொரித்த றோல்ஸும் பற்றிஸும் அங்கிருந்து போகும். அண்ணையின் வீடுகளில் வாடகைக்கு இருக்கும் குடிகள் எல்லோரும் சனி காலை அந்த மேசையைச் சுற்றி நிற்போம். இரண்டாவது குளிர்காலம் முடிவதற்குள் ‘வாறீரோ’ என்ற கேள்வி நின்றுவிட்டது. காலை ஏழு மணிக்கு வாசலில் வான் ஹோர்ன் அடிக்கும், அவ்வளவுதான்.

“மற்றச் சனத்துக்கு ஏழரைச் சனி. எங்களுக்கு ஏழு மணிச் சனி,” என்பார் மேல்வீட்டு அண்ணை. எங்கள் தலைக்கு மேலே குடியிருப்பவர். கனரக லொறி ஓட்டுகிறவர், ஆனால் வாய் அதைவிடப் பெரிய வாகனம். “சனீஸ்வரனுக்காவது எள்ளெண்ணெய் எரிச்சாப் போதும். அக்காவுக்குக் கிழங்கெல்லோ உரிக்கவேணும்!”

அக்காவும் சிரிப்பாள். “கதைச்சது காணும், கையைப் பாரும். உதென்ன றோல்ஸோ, கொழுக்கட்டையோ?”

கராஜுக்குள் வெங்காயமும் கறித்தூளும் சூடான எண்ணெயும் சேர்ந்து ஒரு வெயில் இருக்கும். வெளியே மைனஸ் இருபது. உள்ளே நாங்கள் வியர்ப்போம். பழைய பாட்டு ஒன்று ஓடும், யாரோ கூடப் பாடுவார்கள், யாரோ ஓர் அடியைத் தவறவிட்டுத் திட்டு வாங்குவார்கள். நான் அங்கே சந்தோஷமாக இருந்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு இதை எழுதினால் பொய்யாகிவிடும். மத்தியானம் அக்காவின் சாப்பாடு. சாயந்தரம் ஆளுக்கொரு தட்டு நிறையப் பண்டம். “வெறுங்கையோட ஒருத்தரும் போகக்கூடாது” என்பது அவளுடைய சட்டம்.

பித்தப்பையில் கல் வந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் மனைவியைத் தினமும் காரில் ஏற்றி வந்து, கீழே காத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டவர் அண்ணை. ஒருநாள் மேலே வந்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துத் தந்தார். விரல்களில் வெள்ளை நார் ஒட்டியிருந்தது. அந்த விரல்களை நான் எந்தக் கணக்கில் எழுதுவது? எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாமல்தான் நாள்கணக்கில் என்னையே சுற்றிச் சுற்றி வருகிறேன்.

என் வேலை, நகரின் நடுவில் ஓர் அருங்காட்சியகத்தில் காவலாளி. கறுப்புக் கோட்டு, காதில் ஒரு வயர், கால்களுக்குக் கீழே நாள் முழுக்க ஒரே தரை. போன வருடம் என்னைப் புதிய மண்டபம் ஒன்றுக்கு மாற்றினார்கள். மத்தியகால ஐரோப்பா. நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பிரபுவின் பண்ணை, சின்னதாக, மரத்திலும் களிமண்ணிலும் செய்தது. மேட்டில் பிரபுவின் வீடு, ஆற்றோரம் ஆலை, தேவாலயம், கோடுகோடாகப் பிரித்த வயல்கள், விரல் நகமளவு மனிதர்கள். சுவரில் விளக்கப் பலகைகள். பார்க்க வருகிறவர்கள் ஒரு தரம் வாசித்துவிட்டுப் போவார்கள். எனக்குப் பார்க்க வேறொன்றும் இல்லை. கோவில் சுவரில் தேவாரம் வாசிப்பதுபோல அவற்றை நான் தினமும் வாசித்தேன்.

பிரபு பணக்காரனானது வாளால் மட்டும் அல்ல என்று அந்தப் பலகைகள் சொல்லின. குடிகளுக்கு ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுப்பான். அதற்குப் பதிலாக வாரத்தில் குறித்த நாள்களில் அவர்கள் அவனுடைய சொந்த வயலில் நிற்கவேண்டும், கூலி இல்லை. விளைந்ததை அவனுடைய ஆலையில்தான் அரைக்கவேண்டும், அரைத்ததில் ஒரு பங்கை ஆலை தின்னும். மகளுக்குக் கல்யாணம் என்றால் அவனுக்கு ஒரு கட்டணம். வீட்டுத் தலைவன் செத்தால் தொழுவத்தில் நிற்கும் நல்ல மாடு அவனுக்கு. எல்லாவற்றையும் அவன் போய்ப் பார்ப்பதில்லை, அதற்கு ஒரு மணியகாரன் உண்டு. வாசித்துவிட்டு நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். எங்கள் அண்ணை பனியில் எனக்குப் பக்கத்தில் நின்று தள்ளினவர். என் தொழுவத்தில் மாடு இல்லை. எங்கே அவன், எங்கே இவர்.

ஆலைக்குப் பக்கத்துப் பலகையில் கடைசிப் பந்தி ஒன்று இருந்தது. நான் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கவேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை, மண்டபம் வெறுமையாக இருந்த நேரத்தில், கண் அதில் போய் இடித்தது. அறுவடைக் காலத்தில் கட்டாயமான நாள்களுக்கு மேலதிகமாகவும் பிரபு சில நாள்களைக் கேட்பானாம். அதை உத்தரவாகக் கேட்பதில்லை. அன்பின் பேரால் கேட்பான். அந்த நாள்களுக்கு அன்பு என்றே பெயரும் இருந்தது. அன்றைக்குச் சாப்பாடு பிரபுவுடையது, ரொட்டியும் பியரும், சில இடங்களில் இறைச்சியும். வராதவர்களுக்குத் தண்டம்.

நான் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காதிலிருந்த வயருக்குள் யாரோ என்னை எங்கே நிற்கிறாய் என்று கேட்டார்கள். மத்தியகாலத்தில் என்றேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

“இதைப் படிக்க வெள்ளைக்காரன்ட மண்டபத்துக்குப் போகணுமா? என்ட அப்பாவைக் கேட்டா சொல்லியிருப்பாரு. போடியார் ஊட்ட விசேசம் என்டா அம்மா போய் நெல்லுக் குத்துவா. கூப்பிடுறது எப்பவும் நல்ல வார்த்தையிலதான். அதட்டிக் கூப்பிட்டிருந்தா அப்பா போக விட்டிருக்கமாட்டாரு.” கடுகு வெடித்து ஓயும்வரை பொறுத்திருந்துவிட்டு, அதே குரலில் அடுத்ததையும் சொன்னாள். “எனக்கு இடம் கிடைச்சிருக்கு. தையில தொடங்குது. பிளேஸ்மென்ட் சனிக்கிழமை.”

முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கான படிப்பு அது. பாக்கெட்டில் பிஸ்கட் அடைக்கும் தொழிற்சாலையில் நின்று நின்று அவளுடைய குதிகால் வெடித்துப்போயிருந்தது. இந்தப் படிப்பை முடித்தால் அதிலிருந்து வெளியே வரலாம். வகுப்புகள் கிழமை நாள்களில் மாலை. செய்முறைப் பயிற்சி ஒரு முதியோர் இல்லத்தில், சனி முழு நாள். ஒரு சனி தவறினாலும் அடுத்த வருடம்தான் திரும்பத் தொடங்கலாம். அவளுக்கு நாற்பத்தைந்து வயது. அடுத்த வருடம் என்ற சொல்லை அவள் நிறையத் தரம் கேட்டுவிட்டாள்.

“அக்காவிட்ட நான் சொல்றன், இனி வரேலாது என்டு. அவ்வளவுதானே?”

“பொறும். அப்பிடி மொட்டையாச் சொல்லேலாது. முறை எண்டு ஒண்டிருக்கு.”

“எந்த முறை?”

அந்தக் கேள்வியில் அப்போதே நான் நின்றிருக்கலாம். ஆனால் எனக்குள் ஆறு வருடத் தட்டுகள் அடுக்கியிருந்தன, தோடம்பழம் உரித்த விரல்கள் இருந்தன, கையெழுத்தில்லாத ஒரு வீடும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தாம்பாளத்தில் பழங்கள், வெற்றிலை பாக்கு, அக்காவுக்கு ஒரு சேலை என்று அடுக்கி, மேலே கண்ணாடித்தாள் சுற்றினேன். பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்று எனக்குள் யார் எழுதிவைத்தார்களோ தெரியாது. மார்க்கத்துக்குப் பஸ் சுற்று. மேல்வீட்டு அண்ணைதான் காரில் ஏற்றினார். தாம்பாளத்தைப் பார்த்தார்.

“ஆருக்குக் கலியாணம்?”

“கலியாணமில்லை. மனுசிக்குச் சனிக்கிழமை லீவு கேக்கப் போறன்.”

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார்.

“லீவோ? அடேயப்பா, அதை வேலை எண்டே இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லேல்லை. நீர் போய் லீவு கேட்டா வேலையாப் போயிடுமெல்லே! சேலையும் வேற. என்ர மனுசி காலிலை சுளுக்கு எண்டு ரெண்டு சனி படுத்துக் கிடந்தவள், நான் ஒரு வாழைப்பழம்கூடக் கொண்டுபோகேல்லை.”

விளக்கு பச்சையானது. “திருப்பட்டோ?” என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன்.

அக்கா தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கி, சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தாள். தேத்தண்ணி வந்தது. விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது என் முதுகு தானாகக் கொஞ்சம் வளைந்ததை நான் உணர்ந்தேன். நிமிர்த்திப் பார்த்தேன், நிமிரவில்லை.

“படிக்கட்டும், படிக்கட்டும். நல்ல விசயமெல்லே,” என்றார் அண்ணை. உண்மையாகவே அவருடைய முகம் மலர்ந்தது. “நான் ஏன் மறிக்கப்போறன்?”

மறிப்பாரா என்று நான் கேட்கவே இல்லை. ஆனாலும் அவர் அனுமதி தந்துவிட்டார். நான் பெற்றுக்கொண்டேன்.

“அது சரி,” என்றாள் அக்கா, சேலையின் கரையை விரலால் தடவியபடி. “அப்ப அந்தக் கைக்கு ஆர்? பங்குனி மட்டும் ஓடர் நிறைஞ்சு கிடக்கு.”

 மூன்று பேருமே என்னைப் பார்த்தார்கள். மூன்றாவது ஆள் நானேதான்.

“நான் வாறன் அக்கா. பனி வழிக்கிறதோட அதையும் பாக்கிறன்.”

வீட்டில் இதைக் கேட்டு என் மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டிலின் விளிம்பில் இருந்துகொண்டு சொன்னாள்:

“நான் சும்மா போகாம விட்டிருந்தா, அது வராத ஒரு சனிக்கிழமை. மறுகா இன்னொன்டு. நாலாவதில அக்காவே வேற ஆளப் பாத்திருப்பா. நீங்க தட்டோட போய், அவங்களுக்கு உரிமை இருக்கு என்டு எழுதிக் குடுத்திட்டு வந்திருக்கீங்க.”

“எழுத்து ஒண்டும் இல்லை…”

“எழுத்தில்லாமத்தான்கா. அதாலதான் இத அழிக்கேலாது.”

தை பிறந்தது. கடும் நீலச் சீருடையில் அவள் சனிக்கிழமை விடியப் பஸ்ஸுக்குப் போனாள். வான் வந்தபோது நான் ஏறினேன். அருங்காட்சியகத்தில் சனிக்கிழமை முறை எனக்கு மாதம் இரண்டு தரம் வரும். முந்தி அந்தச் சனிகளில் அவள் மட்டும் கராஜுக்குப் போவாள், இப்போது அவற்றைக் கெஞ்சி மாற்றிக்கொண்டேன். தகர மேசையில் மனைவி நின்ற இடத்தில் நின்றேன். பனி தள்ளவும் கிழங்கு உரிக்கவும் மட்டும் பழகின கைக்கு றோல்ஸ் சுற்ற வரவில்லை. எண்ணெய்க்குள் போட்டதும் என்னுடையவை வாய் பிளந்தன.

“தம்பி, உமக்கு றோல்ஸிலயும் ரகசியம் நிக்காது போல,” என்றார் மேல்வீட்டு அண்ணை. “அவிழ்த்துக் கொட்டுது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வழமைபோல அது எனக்குள் இறங்கவில்லை. அந்தப் பந்தியை வாசித்த நாளிலிருந்து எனக்குள் ஒருவன் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். இதோ ஆலை. இதோ வயல். இதோ நகமளவு மனிதர்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாவில் என் கைரேகை பதிந்து பதிந்து மறைந்தது.

மாசிக் கடைசியில் ஒரு பெரிய சாமத்தியவீட்டு ஓடர். அண்ணையும் வந்து எனக்குப் பக்கத்தில் நின்று கிழங்கு மசித்தார். அன்றைக்கு அவருடைய முகம் சாம்பலாக இருந்தது.

“விட்பி வீட்டு மோட்கேஜ் கடன் புதுப்பிக்கவேணும் தம்பி. வட்டி ஏறின ஏத்தத்துக்கு நித்திரை வருதில்லை. நீங்களெல்லாம் நினைப்பியள், மூண்டு வீட்டுக்காரன் எண்டு. எனக்கு மேலயும் ஒருத்தன் இருக்கிறான், பாங்க். அவன் என்ர முகத்தைப் பாத்துத் தரமாட்டான்.”

மசித்தார். கையை நிறுத்தினார். என்னைப் பார்க்காமல், கிழங்கைப் பார்த்துச் சொன்னார்:

“நானும் பாக்கிறன், உமக்கு உது சரிவரேல்லை. முகம் வாடிக் கிடக்கு. கஷ்டப்பட்டு வராதையும். ஒண்டு செய்யுங்கோவன். சனிக்கிழமையை விட்டிடுங்கோ, மற்ற ஆக்கள் குடுக்கிறமாதிரி வாடகையைக் குடுங்கோ. எனக்கும் உதவியாயிருக்கும், உங்களுக்கும் நேரம் மிச்சம்.”

கோபம் இல்லை அவரிடம். இருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு கைப்பிடி கிடைத்திருக்கும். அவர் களைத்திருந்தார், அவ்வளவுதான். பலகைகளில் இதுவும் இருந்தது: பின்னாளில் பிரபுக்களுக்குக் காசு தேவைப்பட்டபோது, குடிகளின் நாள்களைக் காசாக மாற்றிக்கொண்டார்கள், குடிகள் பலரும் அதை விரும்பினார்கள். அத்தோடு அந்தப் பலகை முடிந்து, அடுத்தது வாள்களும் தலைக்கவசங்களும். மாற்றிய அன்றைக்கு வயலில் நின்றவனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரிந்ததா, அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

சட்டப்படி அப்படி ஒரேயடியாகக் கூட்டமுடியாது என்று மேல்வீட்டு அண்ணை காதோடு சொன்னார். என் மனைவியிடம் அண்ணை கேட்டதையும் இதையும் சொன்னேன். சட்டத்தை அவள் காதில் வாங்கவே இல்லை. அவளுடைய முகம் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு திறந்திருந்தது.

“விலை சொல்லிட்டாரா? அப்பாடா. குடுத்திடுவம்.”

“எங்கால குடுக்கிறது?”

“நான் படிச்சு முடிச்சா வரும். அதுவரை இழுப்பம். விலை இருந்தாத்தான்கா குடுத்து முடிக்கலாம். அன்பை எப்ப குடுத்து முடிக்கிற? அப்பா சாகும்வரை குடுத்தாரு, முடியல்ல.”

 அவள் சொன்னது சரி என்று தலை சொன்னது. ஆனாலும் ஏதோ ஒன்று, வீடு மாறும்போது தவறவிட்ட சாமானைப்போல, எது என்று தெரியாமல் குறைந்தது.

பங்குனியிலிருந்து புது வாடகை. அதற்காக ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகத் தொடங்கினேன். சனிக்கிழமை என்னுடையதாயிற்று. முதல் சனி தூங்கலாம் என்று படுத்தேன். ஏழு மணிக்கு ஹோர்ன் அடித்தது. கால்கள் தாமாகத் தரையைத் தொட்டன. மேலே கதவு திறந்து, சப்பாத்துகள் படியிறங்கி, அந்த நீளமான கண்ணுக்கு முன்னால் நடந்து போயின. வானின் கதவு இழுத்து மூடும் சத்தம். பிறகு வீடு முழுக்க ஒன்றுமே இல்லை. குளிர்சாதனப் பெட்டி முனகியது. தேத்தண்ணி போட்டேன், ஆறவிட்டேன். சுதந்திரம் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. அடுத்த சனியும் அப்படித்தான்.

மூன்றாவது சனி, காலம் தவறிய பனி. இரவிரவாகக் கொட்டி, விடியும்போது ஜன்னல் கண்ணை முழுதாக மூடிவிட்டது. மனைவி முழங்கால் வரை புதைந்து பஸ்ஸுக்குப் போயிருந்தாள். ஹோர்ன் அடித்ததும் நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் கேட்கவில்லை. அதனால்தான் வந்தேன் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆறு வருடத்தில் முதல் தரம், கேட்காமல், கடமை இல்லாமல், சும்மா. அன்பு என்ற ஒன்று உண்மையிலேயே இருந்திருந்தால் இன்றைக்குத் தெரிந்துவிடும்.

அண்ணை கண்ணாடியை இறக்கினார். “என்ன தம்பி?”

“ஸ்நோவெல்லே அண்ணை. சும்மா ஒரு கை.”

அவர் தலையால் பின்னுக்குக் காட்டினார். மேல்வீட்டு அண்ணை நகர்ந்து இடம் தந்தார். அன்றைக்கு அவர் பகிடி ஒன்றும் விடவில்லை.

விட்பி வாசலை நானும் அண்ணையும் வழித்தோம். அவர் கதை சொல்லவில்லை. தன் பக்கத்தை முடித்தார், நான் என் பக்கத்தை முடித்தேன். மார்க்கத்துக்கு வந்து கராஜில் நின்றேன். என் கை அன்றைக்கு அதிசயமாகப் படிந்தது. ஒரு றோல்ஸ்கூட வாய் பிளக்கவில்லை. அக்கா அதைப் பார்த்தாள், “நல்லாத்தான் வருது” என்றாள். எனக்குள் பழைய வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. பாட்டுக்கூட இனித்தது.

சாயந்தரம் எல்லோரும் தங்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு வானுக்குப் போனார்கள். அக்கா என்னை நிற்கச் சொன்னாள். உள்ளே போய் வந்தாள். அவளுடைய கையில் தட்டு இருக்கவில்லை. ஒரு சின்ன வெள்ளை உறை இருந்தது.

“என்னக்கா உது?”

“இண்டைக்கு வேலை செய்தனீங்களெல்லே.”

“நான் சும்மா வந்தனான் அக்கா.”

“சும்மா வேண்டாம்,” என்றாள். குரலில் வெட்டு இல்லை. ஏதோ ஓர் இடத்தில் அவளுக்கும் வலித்திருந்தது, அது மட்டும் தெரிந்தது. “நீங்கள் வாடகை தாறியள். நாங்கள் சும்மா வேலை வாங்கினா அது சரியில்லை. பிறகு ஒருத்தரும் ஒண்டும் சொல்லக்கூடாது.”

உறையை என் ஜக்கெற் பைக்குள் அவளே வைத்தாள். பையின் ஸிப்பை மெல்ல இழுத்தும் விட்டாள். வெளியே அண்ணை வானை இயக்கி வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். வழி முழுக்கப் பற்றிஸ் வாசனை. மற்றவர்களின் மடிகளிலிருந்து.

வீட்டில் மனைவி எனக்கு முதல் வந்திருந்தாள். வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டிருந்தாள். இல்லத்தில் ஒரு கிழவர் இரண்டு கிழமையாக யாரிடமும் வாங்கிச் சாப்பிடாதவராம். இன்றைக்கு அவளிடம் சாப்பிட்டாராம். சொல்லும்போது அவளுடைய கண் சிரித்தது. பிறகு என் சப்பாத்தில், பனி கரையத் தூவும் உப்பு படிந்திருப்பதைப் பார்த்தாள்.

“எங்க போனீங்க?”

“கராஜுக்கு.”

உறையை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் நீட்டிய கையால் அதைத் தொட்டாள், திறக்கவில்லை.

“சம்பளம்?”

“ஓம்.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை.

“மனிசி நேர்மையா நடந்திருக்கா,” என்றாள். “எனக்கு அவவில ஒரு மரியாதை வந்திட்டு.” பிறகு, நான் எங்கேயோ பார்ப்பதைக் கவனித்து, மெதுவாக: “அவங்க காசு தந்ததா உங்களுக்குக் கவலை? இல்லாட்டி, இனிக் கூப்பிடமாட்டாங்க என்டதா?”

நான் ஜன்னலைப் பார்த்தேன். பனி மூடிய அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும் நீலமாக ஒட்டியிருந்தது. பிரபுவிடமிருந்து விடுபட்டவன் போகும் வழி எது என்று எந்தப் பலகையிலும் நான் வாசித்ததில்லை.

“அடுத்த சனியும் போவீங்களா?”

“தெரியாது,” என்றேன்.

அவள் வாளியிலிருந்து காலை எடுத்துத் துடைத்தாள். எழுந்து, அடுத்த சனிக்கு வேண்டுமே என்று சொல்லிக்கொண்டு, தன் நீலச் சீருடையைத் தோய்க்கப் போனாள்.